வீடு என்றொரு புராஜெக்ட்

ராஜகீழ்ப்பாக்கம்,
12 ஜனவரி 2025

அன்புள்ள ஷ்யாமுக்கு,

நானும் ஸ்நேகாவும் இங்கே சௌக்கியம். உங்கள் வலது முழங்கால் எப்படி இருக்கிறது, அதை முதலில் சொல்லுங்கள். போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு, சோதனை மெஷின் எப்போது வரும் என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். இதற்காகத்தானே போன் ஆபீசுக்கு, கடிதம் வீட்டுக்கு என்று நாம் பிரித்துக்கொண்டோம்! புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கம்பெனியில் இருந்தால் நடுவில் இப்படி ஒரு வேலி வேண்டியிருக்கிறது. வழக்கம்போல் ஆபீசிலிருந்து சைட்டுக்கு வரும் வாராந்திர வரைபடப் பையில் இதை வைக்கிறேன்.

வேலியை இன்று நானே கொஞ்சம் தாண்டுகிறேன். அபிகாயில் என்று ஒரு பெண் என் பக்கத்து சீட்டுக்கு வந்திருக்கிறாள். கெட்டிக்காரி. நேற்று நான் பார்த்துக்கொள்ளும் ரிசோர்ஸ் ஃபைலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஐந்து ஊரில் ஐந்து பாலம், அடித்தூண் பாரம் தாங்குமா என்று சோதிக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். எந்த மேனேஜராக இருந்தாலும் இந்த ஒரே ஃபைலிலிருந்துதான் ஆளை எடுக்க வேண்டும். ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு சைட் கேட்டால் அந்தப் பெயர் சிவப்பாகிவிடும். ஐந்துக்கும் கீழே ஆறாவதாக 'வீடு' என்று ஒன்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது எந்த ஊர் பாலம்?" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விடுமுறையையும் ஒரு புராஜெக்ட் மாதிரி போட்டு வைத்தால்தான் மேனேஜர்கள் கை வைக்கமாட்டார்கள் என்று நான் கண்டுபிடித்த தந்திரம் அது என்றேன். என் தந்திரத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

உங்கள் பெயரை மே மாதத்தின் முதல் இரண்டு வாரத்துக்கு 'வீடு' கணக்கில் போட்டுவிட்டேன். ஸ்நேகாவுக்கு மார்ச்சில் பரீட்சை முடிந்துவிடும். கோயம்புத்தூருக்குப் போய் விவசாயம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எங்கே கிடைத்தாலும் ஆகஸ்டில் ஹாஸ்டல்தான். நாம் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது இந்த வருஷத்தோடு சரி, ஷ்யாம். அதை நினைத்தால் அடுப்பில் பால் பொங்குவதுகூடக் கண்ணில் படுவதில்லை. அவசியம் வந்துவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும்
உங்கள் மாளவிகா

(உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள். வாக்கியம் எப்படியோ முடிந்துவிட்டது.)


கட்ச் சைட்,
27 ஜனவரி 2025

என் அன்பு மாளு,

முழங்கால் இருக்கும் இடத்தில் இருக்கிறது. குளிரில் கொஞ்சம் முனகுகிறது, வெயில் வந்தால் சமாதானமாகிவிடுகிறது. உன் தலைவலி எப்படி? ஸ்நேகா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் உப்பு. நடுவில் ஒரு கழிமுகம், அதன் மேல் நம் பாலம். ரயில் சத்தமே கிடையாது. ரயில் சத்தம் கேட்காமல் தூங்குவது இன்னமும் பழகவில்லை. இரும்புலியூரில் ரத்தினபாய் அம்மா வீட்டு மாடியில் குடியிருந்தபோது ஒரு பக்கம் தண்டவாளம், ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு, தலைக்கு மேலே விமானப்படைப் பயிற்சி விமானம். ஸ்நேகா கைக்குழந்தை. எல்லாச் சத்தத்திலும் அசையாமல் தூங்குவாள், நாம் குசுகுசுவென்று பேசினால் மட்டும் முழித்துக்கொள்வாள்.

நேற்று எதையோ தேடும்போது மேற்குத் தாம்பரத்து ஆபீஸ் ஞாபகம் வந்தது. ஹார்டுவேர் கடைக்கு மேலே ஒரே அறை. கீழே பெயின்ட் கலக்கும் வாசனை. மொத்தம் இரண்டு சைட், ஒரே மெஷின். சுவர் முழுக்க நீ ஒட்டி வைத்த சார்ட் பேப்பர். மெஷின் யாருக்கு எந்த வாரம் என்று பென்சிலில் அழகாகக் கோடு போட்டு வைப்பாய். காலையில் நீ வருவதற்குள் நான் ரப்பரால் அழித்து என் சைட்டுக்கு மாற்றிவிடுவேன். "யாரு சார் என் கோட்ட அழிச்சது?" என்று நீ போட்ட சத்தத்தில் கீழே கடைக்காரரே எட்டிப் பார்த்தார். உன்னிடம் திட்டு வாங்குவதற்காகவே அதற்கப்புறமும் அழித்தேன் என்பது உனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும்.

இப்போது எல்லாம் உன் ஃபைலில் இருக்கிறது. அங்கே என் ரப்பர் செல்லாது. மே மாதத்துக்காகக் காத்திருக்கிறேன்.

குழந்தைக்கு என் முத்தங்கள். பதினேழு வயதானாலும் குழந்தைதான்.

உன் ஷ்யாம்


ராஜகீழ்ப்பாக்கம்,
16 மார்ச் 2025

அன்புள்ள ஷ்யாமுக்கு,

இருவரும் நலம். வெயில் இப்போதே கொளுத்துகிறது, அங்கே தொப்பி போட்டுக்கொள்கிறீர்களா? ஸ்நேகா பரீட்சையை நன்றாகவே எழுதுகிறாள்.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சுற்றி வளைக்கிறேன். ஒடிசா பாலத்தில் மழைக்கு முன்னால் சோதனையை முடித்தாக வேண்டுமாம். புராஜெக்ட் ஹெட் கிட்டு சார் உங்களைத்தான் கேட்டார். மற்ற இருவரும் வேறு பாலங்களில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மே மாதத்தில் உங்கள் பெயர் சிவப்பாகிவிட்டது. சிக்கலைத் தீர்க்கும் பொத்தானை அழுத்தினேன். எந்த வேலைக்கு என்ன எண் கொடுத்திருக்கிறதோ அதைப் பார்த்து, பெரிய எண்ணை இடத்திலேயே விட்டுவிட்டு, சின்ன எண்ணை அது பின்னால் தள்ளும். உங்கள் விடுமுறை ஜூன் கடைசிக்குப் போய்விட்டது.

ஜூனும் நல்ல மாதம்தான். மாம்பழம் இருக்கும். ஸ்நேகாவும் வீட்டில்தான் இருப்பாள். "அப்பா ஜூன்ல வர்றார்டி" என்றேன். "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் பெருங்குடி ஆபீசுக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் நாம் இந்த வீட்டைப் பார்க்க வந்த நாள் நினைவுக்கு வருகிறது. "ஆபீஸ் போக வசதியா இருக்கும்" என்று சொல்லி வாங்கினோம். நீங்கள் இங்கிருந்து ஆபீசுக்குப் போனது எத்தனை நாள் என்று யோசித்துப் பார்த்தேன், பாதியிலேயே விட்டுவிட்டேன்.

நலம் நாடும்
மாளவிகா


கட்ச் சைட்,
2 ஏப்ரல் 2025

அன்பு மாளு,

இங்கே எல்லாம் நலம். தொப்பி போட்டுக்கொள்கிறேன். ஜூன் என்றால் ஜூன். நீ அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, எனக்கு இங்கிருந்தே தெரியும்.

என்னோடு இருக்கும் மெஷின் ஆபரேட்டர் தனசிங் விடுமுறையில் ஊருக்குப் போயிருக்கிறான். குழந்தைக்கு ஞானஸ்நானம். அவனையும் ஏப்ரலில் இரண்டு சைட் கேட்டிருந்தது, பெயர் சிவப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் விடுமுறை அசையவில்லை. நல்லதுதான். போகும்போது சிரித்துக்கொண்டே போனான், பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

ஸ்நேகா சின்னவளாக இருந்தபோது கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்துக் காட்டுக்குள் மான் பார்க்கக் கூட்டிப் போவேனே, நினைவிருக்கிறதா? மான் வரும்வரை பேசக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் வெகு நேரம் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "அப்பா, மான் வரலேன்னாலும் பரவால்ல, நாம இப்டியே இருக்கலாம்" என்றாள். அன்றைக்கு மான் வரவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

ஷ்யாம்


ராஜகீழ்ப்பாக்கம்,
11 மே 2025

அன்புள்ள ஷ்யாமுக்கு,

ஒடிசாவில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? வயிறு சரியாக இருக்கிறதா? இங்கே நாங்கள் நலம். ஸ்நேகாவின் மார்க்கைத்தான் போனிலேயே கேட்டுவிட்டீர்களே. அந்த மார்க்குக்குக் கோயம்புத்தூர் நிச்சயம். ஆபீசுக்கு இனிப்பு கொண்டு போனேன்.

இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டே அபிகாயில் திரையைக் காட்டிக் கேட்டாள்: "அக்கா, எல்லார் லீவுக்கும் எண்ணூறுன்னு நம்பர் போட்டிருக்கீங்க. சார் லீவுக்கு மட்டும் ஏன் நூறு? இப்டி இருந்தா எந்த சைட்டு கேட்டாலும் அவர் லீவுதானே தள்ளிப் போகும்?"

ஷ்யாம், உங்கள் விடுமுறையைத் தள்ளியது சாஃப்ட்வேர் இல்லை, நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எல்லோரும் இருந்த மீட்டிங்கில் கிட்டு சார், "மேடம் வீட்டுக்காரருக்கு மட்டும் தீபாவளி தவறாம வந்துடுது" என்று சொன்னாரே. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் உங்கள் விடுமுறைக்கு நூறு என்று எண் போட்டேன். யாரும் என்னைப் பார்த்து விரல் நீட்டக்கூடாது என்கிற ஒரே எண்ணம்தான். அதற்குப் பிறகு வந்த இரண்டு தீபாவளிக்கும் நீங்கள் வரவில்லை. கம்பெனியில் எல்லோருக்கும் நியாயமாக இருந்தேன், உங்களைத் தவிர.

இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒடிசாவில் இருப்பதால் கட்ச்சில் வேலை தேங்கிவிட்டது. ஜூன் கடைசியிலும் உங்கள் பெயர் சிவப்பாக இருக்கிறது.

எனக்கு உங்கள் பதில் வேண்டும்.

மாளவிகா


ராஜகீழ்ப்பாக்கம்,
8 ஜூன் 2025

அன்புள்ள ஷ்யாமுக்கு,

நலமா? கட்ச்சுக்குத் திரும்பிவிட்டதாகப் போனில் சொன்னீர்கள். முழங்கால் பற்றிச் சொல்லவில்லை. என் கடிதம் பற்றியும் சொல்லவில்லை. மெஷின், வாடகை லாரி, ஆய்வுக்கு வரும் அதிகாரிகள், எல்லாவற்றையும் பேசினோம். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கோபமாக இருந்திருந்தால்கூட எனக்குத் தேவலை.

அதிகாரிகள் வரும் தேதி ஜூலை கடைசி என்று முடிவாகிவிட்டது. அதுவரை உங்களை அங்கிருந்து எடுக்க முடியாது. இப்போது எந்த எண் போட்டாலும் இதை மாற்ற முடியாது, ஆய்வுத் தேதி நம் கையில் இல்லை. ஆகஸ்ட் முதல் தேதியே ஸ்நேகா கிளம்புகிறாள்.

நேற்று அவளுக்குப் பெட்டி வாங்க மேற்குத் தாம்பரம் போனோம். நம் பழைய ஆபீஸ் இருந்த கட்டடம் இருக்கிறது. மேலே இப்போது டியூஷன் சென்டர். ஜன்னலில் பிள்ளைகளின் தலைகள் தெரிந்தன. "இங்கதான் அப்பா என் கோட்ட அழிச்சார்" என்றேன். ஸ்நேகா ரொம்ப நேரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பெட்டி வாங்காமலே திரும்பிவிட்டோம்.

திட்டியாவது எழுதுங்கள்.

மாளவிகா


ராஜகீழ்ப்பாக்கம்,
15 ஜூன் 2025

அன்புள்ள அப்பா,

எப்படி இருக்கீங்க? நான் நல்லா இருக்கேன். (அம்மா கடிதத்தை இப்படித்தான் ஆரம்பிக்கணும் என்பாள்.) இது அவளுக்குத் தெரியாமல் எழுதுவது. அபிகாயில் அக்கா பையில் வைத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். என் கையெழுத்துக்கு மன்னிக்கவும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உங்கள் ரெண்டு பேர் ரூல் உடைந்துவிடும் என்பதால் இந்தக் கஷ்டம்.

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்கள் கடிதம் வரவில்லை என்று அவளுக்குப் பயம். என்ன தப்பு நடந்தது என்று எனக்குத் தெரியும். உங்கள் ரெண்டு பேருக்கும் நான் இன்னும் தூங்குகிற குழந்தை என்று நினைப்பு.

போன வாரம் அம்மாவோடு பெருங்குடி ஆபீசுக்குப் போனேன். அந்த ஃபைலைப் பார்த்தேன். நீங்கள் சிவப்பாக இருந்தீர்கள். நான் ஒரு தடவை மேலேயிருந்து கீழே வரைக்கும் பார்த்துவிட்டு, "அம்மா பேரு எங்க?" என்று கேட்டேன். "ஃபைல பாத்துக்கறவங்க பேரு ஃபைல்ல இருக்காதும்மா" என்றார் அபிகாயில் அக்கா. மெஷினுக்குக்கூட அதில் பெயர் இருக்கிறது அப்பா. லாரிக்கு இருக்கிறது. அம்மாவுக்கு இல்லை.

"காலேஜ் லீவுக்கு வருவியே, அப்ப பாத்துக்கலாம்" என்று மட்டும் எழுதாதீர்கள். அது விருந்தாளியாக வருவது. எனக்கு நான் இந்த வீட்டு ஆளாக இருக்கும்போதே உங்களோடு இருக்கணும். மான் வராவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள்
ஸ்நேகா


கட்ச் சைட்,
24 ஜூன் 2025

என் அன்பு மாளு,

முழங்கால் வலிக்கிறது. இனி உண்மையையே எழுதுவதாக முடிவு செய்திருப்பதால் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடு. சாப்பிடுவதில்லை என்று எனக்குத் தகவல் வந்துவிட்டது, யார் சொன்னது என்று கேட்காதே.

உன் மே மாதக் கடிதம் முந்தாநாள்தான் என் கைக்கு வந்தது. ஒடிசாப் பையில் போட்டிருக்கிறாய். அது போய்ச் சேருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன். அங்கே ஒரு மேசையில் கிடந்ததை, அங்கிருந்து மெஷினோடு திரும்பிய தனசிங் எடுத்து வந்தான். ஜூனில் நீ எழுதியது எனக்கு முதலில் கிடைத்தது. எந்தக் கடிதத்தைச் சொல்கிறாய் என்று புரியாமல் விழித்தேன். போனில் கேட்க நாக்கு நுனிவரை வந்தது, நம் ஒப்பந்தம் தடுத்துவிட்டது. என்ன ஒப்பந்தமோ!

மாளு, அந்த நூறு எனக்கு முன்பே தெரியும். ஏப்ரலில் தனசிங் விடுமுறை அசையாமல் என்னுடையது மட்டும் ஏன் அசைந்தது என்று ஃபைலைத் திறந்து பார்த்தேன். பார்த்ததும் கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. கிட்டு சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தபிறகு கோபம் போய்விட்டது, வருத்தம் போகவில்லை. நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். நானாகக் கேட்டால் நீ உடைந்துபோவாய் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நானும் ஒன்றும் உத்தமன் இல்லை. என் விடுமுறை முக்கியம் என்று ஒரு தடவையாவது கிட்டுவிடம் நான் வாய் திறந்து சொன்னதுண்டா? எல்லாவற்றையும் உன் ஃபைல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை கடைசிவரை நகர முடியாது என்பது உண்மைதான். ஸ்நேகா கிளம்பும்போது நான் இருக்கமாட்டேன். அந்த வாக்கியத்தை எழுதிவிட்டு வெகு நேரம் வெளியே நின்றேன்.

உன் ஷ்யாம்


ராஜகீழ்ப்பாக்கம்,
4 ஜூலை 2025

என் அன்பு ஷ்யாம்,

உங்கள் கடிதம் வந்தது. படித்தேன், அழுதேன், பிறகு இரண்டு தோசை சாப்பிட்டேன். தகவல் கொடுத்தவளுக்கும் சொல்லிவிட்டேன். முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். அதைப் பையில் அனுப்பப் போவதில்லை, காரணம் கீழே.

முதல் காரியமாக உங்கள் நூறை எண்ணூறாக்கினேன். இந்த ஜூலைக்கு உதவாது. ஆனால் வரும் தீபாவளிக்கு யார் என்ன சொன்னாலும் நீங்கள் இங்கே வீட்டில் இருப்பீர்கள்.

பிறகு அந்த ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளை நகர்த்த முடியாவிட்டால் வேலையைத்தான் நகர்த்த வேண்டும். எத்தனை மேனேஜர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்! 'வீடு' என்றால் ராஜகீழ்ப்பாக்கம் என்று எங்கே எழுதியிருக்கிறது? ரத்தினபாய் அம்மா மாடியில் இருந்தபோது அது இரும்புலியூரில் இருந்தது.

ஆள் பட்டியலில் கடைசியாக ஒரு புது வரி சேர்த்தேன். மாளவிகா என்று என் பெயரை அடித்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. 'வீடு' கணக்கில் ஜூலை 18 முதல் பத்து நாள். அபிகாயில் எட்டிப் பார்த்து, "எண்ணூறாக்கா?" என்றாள். "ஆயிரம்" என்றேன். அதற்கு மேல் அதில் எண் கிடையாது.

கிட்டு சாரிடம் லீவு லெட்டரை நீட்டினேன். "பத்து நாளா? நீங்க போய்ட்டா ஃபைல யாரு மேடம் பாப்பாங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அபிகாயில், "நான் பாக்கறேன் சார். அக்கா பேரு சிவப்பாகாம பாத்துக்கறேன்" என்றாள். கிட்டு சார் லெட்டரை வாங்கிப் படித்தார். "ஷ்யாமுக்கு லீவு கேக்கறீங்களோன்னு நெனச்சேன்" என்றார். "அவருக்கு வேண்டாம் சார். அவர் வேலையப் பாக்கட்டும். நாங்க அங்க போறோம்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நானும் ஸ்நேகாவும் அகமதாபாத் போய் அங்கிருந்து வேறு ரயில் பிடிக்கிறோம். பகலில் நீங்கள் பாலத்தில் இருங்கள். சாயங்காலம் எங்களோடு இருந்தால் போதும். உப்பும் வெயிலும் எங்களுக்குப் பரவாயில்லை. காபிப் பொடி, தைலம், உங்கள் பெண், மூன்றையும் கொண்டு வருகிறேன்.

வந்துகொண்டிருக்கும்
மாளு


கட்ச் சைட்,
12 ஜூலை 2025

என் அன்பு மாளு, என் ஸ்நேகா,

நான் நலம். முழங்காலும் ஏனோ நலம்.

நீங்கள் கிளம்புவதற்குள் இது கிடைக்குமோ என்னவோ, கிடைக்காவிட்டால் இங்கே வந்து என் கையிலிருந்தே வாங்கிப் படியுங்கள். மெஷின் பாகங்கள் வைத்திருந்த தகரக் கொட்டகை அறையைத் தனசிங்கும் நானும் காலி செய்து கழுவிவிட்டோம். மூன்று கட்டில் போட்டாகிவிட்டது. ஸ்நேகாவுக்கு ஜன்னலோரம். தூரத்தில் உப்புக்காட்டில் சில சமயம் மான் மாதிரி ஏதோ நடமாடுகிறது. காட்டுக்கழுதை என்கிறார்கள். வந்தாலும் வராவிட்டாலும் உட்கார்ந்து பார்க்கலாம்.

சைட் மேனேஜர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வருகிறவர்கள் எந்த புராஜெக்ட் என்று கேட்டார், ரிஜிஸ்டரில் எழுத வேண்டுமாம். 'வீடு' என்றேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

சுவரில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கிறேன். உன் அளவுக்கு நேராக வரவில்லை. ஜூலை 18 முதல் பத்து நாளுக்கு மூன்று பேர் பெயரிலும் ஒரே நீளத்தில் மூன்று கோடு போட்டிருக்கிறேன். பென்சிலில் இல்லை, மையில். இந்தச் சைட்டில் ரப்பர் கிடையாது, நீங்களும் கொண்டு வராதீர்கள்.

ஸ்டேஷனில் நிற்கும்
உங்கள் ஷ்யாம்